ரேடியேட்டரில் நான் ஊற்றியது

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஒரு வார்ப்பட ஆலையில் தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கோபக்காரன் என்று பெயர். அந்தப் பெயரில் எனக்குப் பெருமைகூட உண்டு. அந்தக் கோபத்தால் ஒருவருடைய பிழைப்பைக் கெடுத்தேன். அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன கோடையில் என் கார் கொதிக்க ஆரம்பித்தது. நெடுஞ்சாலையில் ஓடும்வரை ஒன்றுமில்லை. ஷிஃப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே மாட்டிக்கொண்டால், பத்தே நிமிடத்தில் வெப்பமானி முள் சிவப்புக்கு ஏறிவிடும்.

சர்வீஸ் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டிருந்த மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். ஒரு காலத்தில் எங்கள் ஆலையில் ஒப்பந்த ஃபிட்டராக இருந்தவர். எங்கள் ஆலை ஆட்களின் கார்களை நம்பித்தான் அந்தக் கொட்டகையே ஓடிக்கொண்டிருந்தது.

போவதற்கு முன் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான்கு வருடங்களாக ரேடியேட்டரில் எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தேன். வாளியில் வெள்ளை வளையம் கட்டும் உப்புத் தண்ணீர். ஊற்றக் கூடாது என்று தெரியும். கூலன்ட் என்னும் குளிர்விப்புத் திரவத்தை மட்டுமே ஊற்றுங்கள் என்று எங்கள் ஆலைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் பாடம் எடுத்தவனே நான்தான். அதனால் அன்று காலை அந்தத் தண்ணீரை வடித்துவிட்டு, பச்சைக் கூலன்டை நிரப்பிக்கொண்டு போனேன். ஆலையில் ஆடிட்டுக்கு முந்தின நாள் துருவின் மேல் பெயின்ட் அடிக்கச் சொல்லி முப்பது வருடம் பழகிய கை.

அவர் மூடியைத் திறந்து பார்த்தார்.

"சார், தண்ணி இன்னா ஊத்துறீங்க?"

"கூலன்ட்தான். கண்ணு தெரியலையா?"

"எப்பவுமே இதானா?"

"எனக்கே சொல்லித் தர்றியா நீ?"

அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. ஓடினால் ஏறவில்லை, நின்றால் ஏறுகிறது, அப்படியானால் ஃபேன்தான் காற்று இழுக்கவில்லை என்று கணக்குப் போட்டார். ஃபேனும் கொஞ்சம் மெதுவாகத்தான் சுற்றியது. மோட்டாரை மாற்றினார்.

மூன்றாம் நாள் கவரைப்பேட்டை அருகே நெரிசலில் பானட்டிலிருந்து ஆவி கிளம்பியது. பக்கத்தில் நின்ற ஷேர் ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "பெருசு, டீ போடுறியா?" என்றார். உள்ளே இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பையும் சேர்த்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். அங்கே நான்கு பேர் தங்கள் வண்டிகளோடு நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே, "பழைய மோட்டாரைப் புதுசுன்னு மாட்டி என்னை ஏமாத்துறியா, திருட்டுப் பயலே" என்று கத்தினேன். அவர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"வார்த்தைய அளந்து பேசு சார். நான் இப்ப உங்க கம்பெனில இல்ல."

அது போதாதா எனக்கு? காரில் உட்கார்ந்தபடியே குழுவில் எழுதினேன். போலி உதிரிபாகம், ஏமாற்று, யாரும் அங்கே போகாதீர்கள். கொட்டகையின் படத்தையும் போட்டேன். என் சொல்லுக்கு அங்கே மதிப்பு உண்டு. போவதை நிறுத்தினார்கள்.

பிறகு திருவள்ளூரில் வேறொரு பட்டறைக்குப் போனேன். அந்த மனிதர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. என்ஜினைச் சூடேற விட்டு, ரேடியேட்டரை மேலிருந்து கீழாகத் தொட்டுப் பார்த்தார். மேலே நெருப்பு, கீழே பாதி சில்லென்று இருந்தது. கழற்றி, மேல் தொட்டியைப் பிரித்துக் காட்டினார். உள்ளே குழாய் வாய்களெல்லாம் சுண்ணாம்பால் அடைபட்டிருந்தன.

"உப்புத் தண்ணி ஊத்தியே சாவடிச்சிக்கினு வந்துட்டு, ஃபேனை மாத்தினா நிக்குமா சார்?"

புது ரேடியேட்டர் போட்டார். அதன்பின் எந்த நெரிசலிலும் முள் நடுவைத் தாண்டவில்லை. நான் குழுவில் ஒரு வரி எழுதவில்லை. இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த வழியே போகும்போது கொட்டகை முன்னால் ஒரு காரும் நிற்காததைப் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனேன். இதை எழுதும்போது என்னை நானே அறையலாம் போல் இருக்கிறது.

ஒரு நாள் அந்தக் கொட்டகைக்கே போய் நின்றேன். டிராக்டர் ஒன்றின் அடியில் படுத்திருந்தார். போர் தண்ணீர், கூலன்ட், சுண்ணாம்பு, எல்லாவற்றையும் சொன்னேன். வெளியே வந்து கையைத் துடைத்தார்.

"நானும் தொட்டுப் பாத்திருக்கணும் சார். படிச்ச மனுஷன் சொல்றாரேன்னு நம்பிட்டேன். அது என் தப்பு."

"மன்னிச்சிடுப்பா."

"இதை எங்கிட்ட வந்து சொல்லி இன்னா ஆவப்போவுது? நாலு பேரு எதிர்ல திருடன்னீங்க. போன்ல போட்டீங்க. என் பொண்ணு அதப் படிச்சிட்டு, அப்பா இன்னா இதுன்னு கேக்குது. அங்கியே போடுங்க."

அங்கேயே நின்று தட்டச்சு செய்து நீட்டினேன். படித்தார்.

"'தவறான புரிதல்'னு போட்டுக்கிறீங்க. யாரு தப்பா புரிஞ்சிக்கினாங்க? நானா? பொய் சொன்னேன்னு போடுங்க."

கோபம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது. அழித்துவிட்டு எழுதினேன்: 'நான் பொய் சொன்னேன். அவர் திருடவில்லை.' அனுப்பினேன்.

மூன்று பேர் கும்பிடு பொம்மை போட்டார்கள். ஒருவர், 'உங்கள் பெருந்தன்மை, சார்' என்று எழுதினார். அதையும் மெக்கானிக்கிடம் காட்டினேன், எந்தப் புத்தியில் என்று தெரியவில்லை. அவர் அதைப் படித்தார், என்னைப் பார்த்தார், போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"ஒருத்தனும் வண்டிய எடுத்துக்கினு வர்றேன்னு போடலியே சார்" என்று சொல்லிவிட்டு, மறுபடியும் டிராக்டருக்கு அடியில் போய்விட்டார்.