சும்மா போய் வந்த பெட்டி

நிறுவனத்தின் பணிவிதிப் புத்தகத்தில் அவரைப் பற்றி மூன்றே வரிகள்: “ஓட்டுநர், இரண்டாம் நிலை. வாகனத்தை இயக்குவதும் துடைப்பதும் கடமை. ஆய்வுக்கூடத்தின் மஞ்சள் கோட்டைத் தாண்டலாகாது, ஆராய்ச்சியில் பங்கில்லை.” இருபது வருஷத்தில் ஒரு தடவையும் அவர் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. அந்த மட்டுக்கும் புத்தகம் பொய் சொல்லவில்லை.

சக ஓட்டுநர்கள் வைத்த பெயர் நத்தையார். அவசரமான சரக்கை மெதுவாகப் போகிறவரிடம் கொடுப்பது அங்கே வழக்கம். சரக்கு என்றால் இதயம். முழு இதயமல்ல, மனித செல்களிலிருந்து ஆய்வுக்கூடத்தில் வளர்த்த மிளகளவு துண்டுகள். உடம்பு என்ற ஒன்று இல்லாமலே கிண்ணத்துக்குள் அவை பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். விண்வெளிக் கதிர்வீச்சு மனித இதயத்தை என்ன செய்யும் என்று பார்க்க, ஆளை அனுப்பும் முன் இவற்றை அனுப்பினார்கள்: விண்வெளிக்கு அல்ல, அதே மாதிரிக் கதிரைப் பாய்ச்சும், இரண்டு மணி நேரத் தொலைவில் இருந்த இயந்திரத்துக்கு. வருஷத்துக்கு இரண்டு முறைதான் அங்கே இடம் கிடைக்கும்.

முதல் முறை போய் வந்த துண்டுகளை இறங்கியதுமே எண்ணிப் பார்த்தார்கள். துடிப்பு பாதியாகியிருந்தது. எண்ணி முடித்ததும் மருந்தில் போட்டுப் பதப்படுத்திவிட்டார்கள்; அதோடு துடிப்பு நின்றுவிடும். போகாமல் வீட்டோடு இருந்த துண்டுகளோ ஜோராகத் துடித்தன. நான்கு வருஷமாக இந்த ஒரே கேள்வியோடு குடித்தனம் நடத்தி வந்த டாக்டரம்மா அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தார். கட்டுரை தயாரானது.

நத்தையார் சிரிக்கவில்லை. அன்றைக்குப் பாதை முழுக்கத் தோண்டிப் போட்டிருந்தார்கள். பெட்டி குலுங்கியது அவருக்குத்தான் தெரியும். கதிர் செய்ததா, தான் செய்ததா? தையல் இயந்திரத்தில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்த மனைவியிடம் சொல்லிப் புலம்பினார்.

“ஒரு துணிய துவைச்சு வெயில்ல போட்டு, இன்னொண்ண அலமாரியிலயே வச்சிருந்தா, வெளுத்தது சோப்பாலயா வெயிலாலயான்னு எப்படிங்க சொல்ல முடியும்?” என்றாள் அவள். “எங்கிட்ட புலம்பாம அந்தம்மாகிட்ட போய் கேளுங்க.”

மறுநாள் மஞ்சள் கோட்டின் விளிம்பில் நின்றுகொண்டு கேட்டார்.

“இங்கயே இருந்த துண்டுக்கு ஒரு கஷ்டமும் இல்ல டாக்டரம்மா. எங்கூட வந்ததுக்கு மத்தளம் மாதிரி ரெண்டு பக்கமும் இடி. எல்லாத்தையும் மிஷின் தலையிலயே கட்டுறது நியாயமா?”

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைகளைப் பிடிப்பதற்கென்றே படித்தவர்கள் ஏழு பேர் அந்தக் கூடத்தில் இருந்தார்கள். அவர்களில் யாரும் அந்த வண்டியில் போனதில்லை.

டாக்டரம்மா மேசையிலிருந்த கட்டுரையைக் கவிழ்த்து வைத்தார். “அண்ணே, கட்டுரைய நாளைக்கு அனுப்பறதா இருந்தேன்.”

“அதான் இன்னைக்கே வந்தேன்.”

“எல்லாம் ரோடு செஞ்ச வேலைன்னா, என் நாலு வருஷமும் பள்ளத்துல போச்சு.”

இரண்டாம் முறை இரண்டு பெட்டிகள் போயின, பெட்டிக்குப் பதினாறு கிண்ணம். அரை வருஷம் கழித்தும் பாதை அப்படியேதான் கிடந்தது. பின்சீட்டில் இரண்டுக்கும் பெல்ட் போட்டார் நத்தையார். ஒன்று இயந்திரத்துக்குள் போனது. மற்றது, அத்தனை நிமிஷமும் கதவுக்கு வெளியே, அவர் பக்கத்து நாற்காலியில் காத்திருந்தது. திரும்பி வந்து எண்ணினால், இரண்டிலும் துடிப்பு குறைந்திருந்தது. டாக்டரம்மாவின் முகம் சுருங்கிப்போனது. மருந்துப் புட்டியை எடுத்தார்.

“பொறுங்க டாக்டரம்மா,” என்றார் கோட்டுக்கு வெளியே நின்றவர். “அந்த ரோட்டுல போய்ட்டு வந்தா எனக்கே மறுநாள்தான் இடுப்பு நிமிரும். ஒரு நாள் விட்டுப் பாருங்க.”

விட்டுப் பார்த்தார்கள். மறுநாள் காலை, சும்மா போய் வந்த துண்டுகள் வீட்டோடு இருந்தவற்றுக்குச் சமமாகத் துடித்தன. கதிர் பட்டவை எழவே இல்லை. பயணக் களைப்பு தீரும், கதிர்வீச்சு தீராது. முந்தைய கட்டுரையைவிட இது பலமான முடிவு. டாக்டரம்மா தானே கோட்டைத் தாண்டி வந்து அவர் இரண்டு கைகளையும் பிடித்துக் குலுக்கினார்.

“உங்க டிரைவிங்ல குத்தமில்லண்ணே.”

“மெதுவா குலுக்குங்க,” என்றார் அவர்.

புதுக் கட்டுரையின் கடைசியில் ‘போக்குவரத்து உதவி’ என்று ஒரு நன்றி இருக்கிறது. அவர் செய்தது இதுதான்: பதினாறு கிண்ணங்களை இயந்திரத்தின் கதவு வரை கொண்டுபோய், உள்ளே விடாமல், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்தார்.