மால்சுன் வாந்தி எடுக்காத நாட்கள்

1978 ஏப்ரல் 11: நான்கு.
1978 மே 2: மூன்று.
1978 ஜூன் 19: ஐந்து.
1979 அக்டோபர் 5: இல்லை.
1979 அக்டோபர் 20: இல்லை.
1979 நவம்பர் 6: இல்லை. அலை இரண்டு மீட்டர்.

இது யாங் மால்சுன் படகில் வாந்தி எடுத்த கணக்கு. தென்கொரியாவின் ஜேஜூ தீவின் கிழக்குக் கரையில், எங்கள் ஊர் மீனவர் சங்கத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் பதிவேடு எழுதியவன் நான். மூச்சடக்கி மூழ்கும் பெண்களை வெளிக்கடல் பாறைக்கு ஏற்றிச் செல்லும் படகில் மூன்று முறை வாந்தி எடுத்தவள் அன்று தண்ணீரில் இறங்கக் கூடாது. அது சங்க விதி. அதனால் எழுதிவைத்தேன்.

முதல் மூன்று பதிவுகளின்போது மால்சுனுக்கு நாற்பது வயது. ஊரில் அவளைவிட நீண்ட மூச்சு யாருக்கும் இல்லை. ஆனால் படகு துறையைத் தாண்டுமுன்பே முகம் வெளுத்து விளிம்பைப் பிடித்துக்கொள்வாள்.

"மீனுக்குச் சோறு போடப் போறா, வழி விடுங்கடீ" என்று மற்றவர்கள் சிரிப்பார்கள். சோதனைக்காகப் படகேறியும், தேர்ந்த மூழ்கிகளான மேல்வரிசைப் பெண்களுக்கு உரிய வெளிக்கடல் அவளுக்குக் கிடைக்காமலே இருந்தது.

அந்த ஆண்டுக் குளிர்காலத்தில் அவளுக்குக் காசநோய் வந்தது. நான்கு மாதம் தினமும் ஊசி. நோய் தணிந்தது. மார்ச் மாதம் எழுந்து நடந்தபோது குடித்தவள்போலத் தள்ளாடினாள். இருட்டினால் சுவரைத் தடவிக்கொண்டு போனாள். படுத்துக் கிடந்த பலவீனம் என்று எல்லோரும் சொன்னோம். அக்டோபரில் மறுபடி படகேறியவள் ஒருமுறைகூட வாந்தி எடுக்கவில்லை.

நவம்பர் 7 அன்று, பெண்கள் உடை மாற்றிக் குளிர்காயும் கல்சுவர் வட்டத்தில் கூட்டம் நடந்தது. வாந்தி இல்லாத மூன்று தேதிகளையும் நான்தான் வாசித்தேன்.

தலைவி இனோக் கையைத் தட்டினாள். "கேட்டீங்களாடீ? கடலரசன் இவள ஏத்துக்கிட்டான்!"

"இத்தன வருஷம் அவனுக்குப் போட்ட சோறு வீண் போகுமா?" என்றாள் இன்னொருத்தி.

மால்சுன் மேல்வரிசைக்கு உயர்த்தப்பட்டாள். அன்று மூன்று கிண்ணம் கடற்பாசிக் கஞ்சி குடித்தாள்.

நவம்பர் 24. இரண்டு நாள் முன்பு அடித்த புயலில் கடல் கலங்கிப் பழுப்பாக இருந்தது. எட்டுப் பாகம், அதாவது பதினான்கு மீட்டர், ஆழம். மேலே வரும் ஒவ்வொருத்தியும் அடக்கிய மூச்சைச் சீழ்க்கைபோல விடுவாள். எல்லோருடைய மூச்சொலியும் கேட்டது, மால்சுனுடையது மட்டும் கேட்கவில்லை. இனோக் உள்ளே பாய்ந்தாள். பாறையை ஒட்டிப் பக்கவாட்டில், ஆழத்தை நோக்கி நீந்திக்கொண்டிருந்தவளை மூழ்குவதற்காக இடுப்பில் கட்டிய ஈயக் கச்சையைப் பிடித்து இழுத்துவந்தாள்.

தண்ணீரைக் கக்கியபின் மால்சுன் சொன்னாள்: "சிப்பிய நெம்பத் திரும்புனேன்க்கா. அப்புறம் மேல எது, கீழ எதுன்னு தெரியல. மேலதான் போறேன்னு நெனச்சு நீந்துனேன்."

"இருபத்தாறு வருஷமா முங்குறவளுக்கு மேல எதுன்னு தெரியலையாம்!" இனோக் கத்தினாள்.

தள்ளாட்டம் ஊசிக்குப் பிறகுதான் வந்தது என்று அப்போதுதான் உறைத்தது. ஊசி போட்ட தேதிகளையும் வாந்திக் கணக்கையும் ஒரே தாளில் எழுதி, நகரத்தில் காது வைத்தியம் பார்க்கும் டாக்டர் பியோனுக்கு அனுப்பினேன். டிசம்பர் 12 அன்று வரச் சொன்னார். நானும் உடன் போனேன். மடித்த மெத்தைமேல் கால்களைச் சேர்த்து நிற்கவைத்து, கண்ணை மூடச் சொன்னார். மால்சுன் வெட்டிய மரம்போலச் சாய்ந்தாள். டாக்டர் தாங்கிக்கொண்டார்.

"காதுக்குள்ள தண்ணி நெறஞ்ச குட்டிக் குழாய்ங்க இருக்கும்மா. தல எந்தப் பக்கம் சாயுது, திரும்புதுன்னு அதுங்கதான் மூளைக்குச் சொல்லும். படகுல ஒக்காந்தா, பக்கத்துல இருக்குற பலக அசையலன்னு கண்ணு சொல்லும். ஆடுதுன்னு காது சொல்லும். ரெண்டும் ஒத்துப்போகாம மூளை கொழம்பிரும். ஏதோ விஷம் உள்ள போயிருச்சுன்னு நெனச்சுத்தான் வயித்தக் காலி பண்ணுதுன்னு சிலர் சொல்றாங்க. உங்களுக்கு அந்த ஊசி காதுக் குழாயக் கெடுத்துருச்சு. கண்ண மறுத்துப் பேச ஆளில்ல. அதான் வாந்தியில்ல."

"அப்ப வாந்தி எடுத்தப்பதான் நான் நல்லா இருந்தேனா?"

"ஆமா. கலங்குன தண்ணியில கண்ணும் தெரியலன்னா, உங்களுக்கு வழி சொல்ல யாருமே இல்ல."

திரும்பும் பேருந்தில் அந்த மூன்று பதிவுகளையே நினைத்துக்கொண்டு வந்தேன். என் பதிவில் பிழை இல்லை. ஆனாலும் 'இல்லை' என்று மூன்று முறை எழுதியபோது, ஏன் இல்லை என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை.

அடி தெரியும் ஆழமில்லாத நீர் என்றால் ஊருக்கு முன்னால் உள்ள சிறு குடாதான். அது எழுபது கடந்த மூழ்கிகளின் கடல். மற்றவர்கள் அதில் கால் வைப்பதில்லை. பிப்ரவரி 18 அன்று மால்சுன் அவர்களில் மூத்தவளான போபேயின் முன் போய் உட்கார்ந்தாள். போபேக்கு எழுபத்தெட்டு வயது.

"உன் மூச்சுக்கு எங்க கடல் ரெண்டு நாள் தாங்குமாடீ? நாங்க ஒரு கடல் நத்தை எடுக்குறதுக்குள்ள நீ கூடைய நெரப்பிருவ."

"பூண்டு வயல்ல களை எடுக்கக் கூப்புடுறாரு எம் புருஷன். குனிஞ்சு நிமிந்தா ஒலகமே ஆடுது அத்தை. அடி தெரியுற தண்ணிக்குள்ளதான் நான் நேரா இருக்கேன்."

கிழவிகள் தங்களுக்குள் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு போபே விரலை நீட்டினாள்.

"எங்க கூட எறங்கணும், எங்க கூட ஏறணும். நாங்க ரெண்டு மூச்சு போனா நீ ஒண்ணு. சிப்பியத் தொடாத, நத்தை மட்டும். கலங்குன நாள்ல கரையில ஒக்காந்து எங்களுக்கு நெருப்பு மூட்டு. டாக்டர் எழுதியும் குடுக்கணும். நீ செத்துத் தொலஞ்சா கெட்ட பேரு எங்களுக்கு."

நிபந்தனைகளை எழுதி அனுப்பினேன். ஆழம் எவ்வளவு என்று டாக்டர் ஒரு கடிதம் எழுதினார். கயிறு விட்டு அளந்தேன்: மிக ஆழமான இடம் இரண்டேகால் பாகம். பக்கத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று இன்னொரு கடிதம். பதினோரு பேர் என்று பதில் போட்டேன். மால்சுன் தினமும் நண்பகலில் சங்க வாசலுக்கு வந்து, "வந்துருச்சா மாமா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

கடைசிக் கடிதத்தை வாசலிலேயே பிரித்து வாசித்தேன். அடி தெரியும் நீரில், துணையோடு, இறங்கலாம். அடி தெரியாத நாளில் கூடாது. கையெழுத்துவரை வாசித்து முடிப்பதற்குள் அவள் மிதவையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள். கால்களை அகற்றி வைத்து, தரையைப் பார்த்தபடி ஓடினாள்.

"இருடீ, நாங்க முன்னாடி!" என்று போபே கரையிலிருந்து கூவினாள்.

அந்தக் கடிதம் வந்த நாள் 1980 ஏப்ரல் 9.