சேந்தமங்கலத்தில் ஒரு தலைகீழ்க் கச்சேரி

சேலத்திலிருந்து காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டிய நாமக்கல் பஸ், கரி சரியாகப் பற்றாததால் எட்டு மணிக்குத்தான் நகர்ந்தது. பெட்ரோலையெல்லாம் யுத்தம் குடித்துக்கொண்டிருக்கிறது. பஸ்ஸின் முதுகில் கரி அடுப்பைக் கட்டி, அதில் வரும் வாயுவில் வண்டியை ஓட்டுகிறார்கள். முப்பத்து மூன்று மைலுக்குப் பன்னிரண்டு அணா, புகை இலவசம்.

மடியில் தம்புரா, மனத்தில் பயம். மறைப்பானேன்? இருபது வருஷமாக மேடையில் பாடுகிறேன். சேலத்தில் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒரு சபைக்குக் காரியதரிசியாக இருந்து ஆண்களோடு மல்லுக்கட்டியும் பழகிவிட்டேன். ஆனால் சேந்தமங்கலத்துக் கோயில் கமிட்டித் தலைவர், ஜவுளிக்கடை பழனியப்பர், போன மாதம் என்னிடம் ஒளிக்காமல் சொல்லியிருந்தார்:

"பொம்பளைங்க கச்சேரி எங்கூர்ல நடந்ததே இல்லீங்க. சனம் கடைசி வரைக்கும் உக்காந்து கேட்டா, நீங்க கேக்கற பொண்ணுங்க பாட்டு வகுப்புக்கு எடம் தாரனுங்க. பாதியில எந்திரிச்சுப் போயிட்டா அந்தப் பேச்சை உட்டரோணும்."

மிருதங்கம் சுந்தரம் பல வருஷமாக எனக்கு வாசிப்பவர். குழந்தையைப் போல வாத்தியத்தைப் பார்த்துக்கொள்வார். "கூரை மேல போட்டா வெயில்ல தோல் காஞ்சிரும்மா" என்று அதைக் கடைசி சீட்டில் சாய்த்து வைத்தார். அந்தச் சீட்டுக்கு நேர் பின்னால்தான் கரி அடுப்பு இருக்கிறது என்பது அவருக்கும் உறைக்கவில்லை, எனக்கும் உறைக்கவில்லை.

ஆண்டகளூர் கேட் தாண்டியதும் படீரென்று ஒரு சத்தம்.

"டயர் போச்சுங்க! எல்லாரும் எறங்குங்க!" என்று டிரைவர் கத்தினார். இறங்கினோம். அவர் நாலு சக்கரத்தையும் தட்டித் தட்டிப் பார்த்தார்; எல்லாம் நன்றாக இருந்தன. சுந்தரம் மட்டும் கடைசி சீட்டுப் பக்கம் போய், உறையை அவிழ்த்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மிருதங்கத்தின் வலப்பக்கத் தோல் குறுக்கே கிழிந்து கிடந்தது.

டிரைவர் எட்டிப் பார்த்தார். "டயரா இருந்தா ஒட்டுப் போட்டுரலாமுங்க. இதுக்கு என்னங்க பண்றது?"

எனக்கு அழுகை வந்தது. அழுதால் சுந்தரம் உடைந்துபோவார் என்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பதினொன்றரை மணிக்கு நாமக்கல். மிருதங்கம் இரவல் கேட்கப் போனால், எங்களுக்குத் தெரிந்த ஒரே வித்துவானின் வீடு பூட்டிக் கிடந்தது. முந்தின நாளே வந்து காத்திருந்த பிடில்காரரையும் ஏற்றிக்கொண்டு, குதிரை வண்டியில் ஏழு மைல் தூரத்திலுள்ள சேந்தமங்கலத்துக்குப் புறப்பட்டோம். எதிரே கொல்லிமலை நீலமாக நின்றது. மற்ற நாளாயிருந்தால் ரசித்திருப்பேன்.

"சனம் வருமா?" என்று வண்டிக்காரரைக் கேட்டேன்.

"ஏன் வராதுங்க? பொம்பள பாடறாங்கன்னா வேடிக்கை பாக்கவே வருமுங்க, அம்மணி."

நல்ல ஆறுதல்!

ஊரில் இருந்தது ஒரே மிருதங்கம், பஜனைக் கோஷ்டியுடையது. சுந்தரம் தட்டிப் பார்த்தார். முகம் இன்னும் வாடியது. அது ஆண் குரலுக்கான தாழ்ந்த சுருதி, ஒரு கட்டை. நான் பாடுவது அதைவிட எவ்வளவோ உயர்ந்த ஐந்து கட்டை. "ஏத்திப் புடிச்சா இதுவும் கிழிஞ்சிரும்மா. நான் கெடுத்துட்டேன்" என்றார்.

தம்புராவை மீட்டிக்கொண்டு, அதைத் தட்டச் சொல்லிக் கேட்டேன். அந்த மிருதங்கத்தின் ஒலி என் சுருதிக்குச் சரியாக மத்திமத்தில், அதாவது ம என்ற ஸ்வரத்தில், நின்றது. மத்திமத்தையே ஆதாரமாக வைத்துப் பாடும் பாட்டுக்கள் உண்டு. மேலே ஏறாத சின்ன ராகங்கள். கச்சேரி முடியும்போது துக்கடாவாகப் பாடுபவை. இன்றைக்கு முழுக் கச்சேரியும் அதுதான் என்றேன். பிடில்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தந்திகளை மாற்றிச் சேர்த்தார்.

மாலை ஆறு மணிக்குக் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்தோம். நடுவில் கயிறு கட்டி, ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நாதநாமக்கிரியையில் ஒரு பாட்டு, செஞ்சுருட்டியில் ஒன்று. மிருதங்கம் சுருதியோடு சேர்ந்துதான் ஒலித்தது. ஆனால் இரண்டாவது பாட்டு முடிந்ததும் முன்வரிசைப் பெரியவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்கள்.

"அதுக்குள்ளயும் முடிச்சுப்போட்டாங்களா?"

"மங்களந்தான் பாக்கிங்க."

துக்கடா வந்தால் கச்சேரி முடிந்தது என்ற வழக்கம் தெரிந்த ரசிகர்கள், அவர்கள்மேல் தப்பில்லை. பின்வரிசையும் எழ ஆரம்பித்தது. தூணோரம் நின்ற பழனியப்பர் என்னைப் பார்த்த பார்வையில் என் வகுப்பு கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. விளக்கம் சொல்ல நேரமில்லை. ஊர் ஊராகப் பஜனையில் பாடும் ஒரு நாமாவளியை எடுத்து, ஒரே ஒரு வரியைப் பாடிவிட்டு நிறுத்தினேன்.

கயிற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் அந்த வரியைத் திருப்பிப் பாடியது. கொஞ்சம் கரகரப்பு, ஆனால் அசையாத சுருதி. சிவப்புச் சேலைக்காரி ஒருத்தி, கையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தாள். அடுத்த வரிக்கு நாலைந்து பேர். அதற்கடுத்த வரிக்குப் பெண்கள் பக்கம் முழுவதும் பாடியது. எழுந்தவர்கள் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றார்கள், பிறகு உட்கார்ந்தார்கள். எட்டரை மணி வரை ஒருவரும் அசையவில்லை. சுந்தரம் அன்று வாசித்த மாதிரி என்றும் வாசித்ததில்லை.

மறுநாள் காலை பழனியப்பர் வீட்டில் காப்பி. அவர் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயில் மண்டபம் தர முடியாதுங்க."

நான் காப்பியைக் கீழே வைத்தேன். அதற்குள் உள்ளேயிருந்து அவர் மனைவி செல்லம்மாள் வந்தாள். சிவப்புச் சேலை மாறியிருந்தது, குரல் மாறவில்லை.

"ஏனுங்க, பாதி சொல்லிப்போட்டு நிறுத்தறீங்க? தெனமும் ஆம்பளைங்க படுத்துக் கெடக்கற மண்டபத்துக்குப் பொண்ணுங்க எப்படி வருவாங்க? நம்மூட்டுக் கூடம் சும்மாத்தான கெடக்குது. வாத்தியாரம்மா, மொதப் பேரு என்னுதுங்க."

"அதைத்தாஞ் சொல்ல வந்தனுங்க" என்றார் பழனியப்பர்.

திரும்பும் பஸ்ஸில் சுந்தரம் முன்சீட்டில், கிழிந்த மிருதங்கத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சேலத்தில் எங்கள் சபையில் எல்லாம் முறைப்படி நடக்கும். இத்தனை வருஷத்தில் அங்கே யாரும் என்னோடு சேர்ந்து ஒரு வரி பாடியதில்லை. சரளி வரிசையில் தொடங்குவதுதான் வகுப்புக்கும் முறை. சேந்தமங்கலத்தில் மட்டும் நாமாவளியில் தொடங்கப்போகிறேன். செல்லம்மாளுக்கு அந்தப் பாட்டு ஏற்கெனவே தெரியும்.