நீலமாகவே நின்ற டம்ளர்

சிவப்பு நெயில் பாலிஷைக் கண்டால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கடையில் யாராவது அதை எடுத்து விரலில் பூசிப் பார்த்தால்கூட வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். கேட்பவர்களிடம் அந்த வாசனை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவைக்கிறேன். பொய். எனக்கென்று அம்மா வாங்கிக் கொடுத்த பாட்டில் அது. அதைத் திறந்து, வீட்டு எவர்சில்வர் டம்ளர் ஒன்றின் அடியில் ஒரு பொட்டு வைத்ததும் அம்மாதான். அது அண்ணியின் டம்ளர். மற்ற டம்ளர்களோடு கலந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த அடையாளம்.

அப்போது நான் எட்டாம் வகுப்பு. திருக்கழுக்குன்றத்துக்கு மேற்கே, ஏரிக்கரையை ஒட்டிய ஊர் எங்களுடையது. அப்பா செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டினார். அண்ணன் எலக்ட்ரீஷியன். நெம்மேலிப் பக்கம் வயரிங் வேலைக்குப் போன இடத்தில் அண்ணியைப் பார்த்து, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் திருப்போரூரில் தாலி கட்டி, மாலையும் கழுத்துமாகக் கூட்டிவந்து வாசலில் நிறுத்திவிட்டான். அண்ணி கடலோரக் குப்பத்துப் பெண். அவளுடைய அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா கூடையில் மீன் விற்கிறவர். எங்கள் அப்பா கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார். அம்மா அப்படியெல்லாம் இல்லை. அன்றைக்கே ஆரத்தி எடுத்தாள், வாய் நிறைய "வாம்மா" என்றாள், தலையில் பூவும் வைத்தாள். மறுநாள் காலையில் டம்ளருக்குப் பொட்டு வைத்தாள். அந்த டம்ளர் அடுக்கில் சேராமல் ஜன்னல் ஓரத்தில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும்.

நாங்கள் என்ன சைவமா என்றால், அதுதான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை தவறினாலும் மீன்குழம்பு தவறாது. அண்ணியின் ஆட்கள் வலை போட்டுப் பிடித்து, அவர்கள் கையால் அள்ளி, அவர்கள் கூடையில் வந்து இறங்கும் மீன். அப்பா சங்கரா மீன் தலையை உறிஞ்சும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். மீனுக்குத் தீட்டு கிடையாது. பிடித்தவர் வீட்டுப் பெண்ணின் வாய்க்குத்தான் தீட்டு! இது எந்த ஊர் நியாயமோ தெரியவில்லை.

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. அண்ணி எப்போதும் அண்ணாந்துதான் தண்ணீர் குடிப்பாள். உதடு டம்ளரில் படவே படாது. அப்பா அப்படியல்ல. எந்நேரமும் வாய் நிறைய வெற்றிலை, கன்னத்தில் சுண்ணாம்பு. அதோடு டம்ளரைக் கவ்விக் குடித்துவிட்டு வைத்தால் விளிம்பெல்லாம் சிவப்பாக இருக்கும். அம்மா அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, அடுக்கில் முதல் வரிசையில் வைப்பாள். உண்மையில் அந்த வீட்டில் எச்சில் பட்ட டம்ளர் அது ஒன்றுதான்.

அண்ணிக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்கு நாள் குறித்தாகிவிட்டது. அது முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீடு போகவேண்டும். ஒருநாள் சாயங்காலம் அவள் கொடியில் துணி காயப்போட்டபடி அண்ணனிடம் பேசியது, தொங்கிய போர்வைக்கு இந்தப் பக்கம் நின்ற என் காதில் விழுந்தது.

"பொறக்கப்போற கொழந்தைக்கும் பொட்டு வெச்ச டம்ளரா? அத மட்டும் சொல்லு. அப்டின்னா நான் போனவ போனவதான். திரும்பி வரமாட்டேன்."

"சும்மா பேஜார் பண்ணிகினு இருக்காத. அம்மா போகப்போக மாறிடும்" என்றான் அண்ணன்.

வீரன்! ஊரை எதிர்த்துத் தாலி கட்டத் தெரிந்தவனுக்கு, ஜன்னலில் கிடக்கும் ஒரு டம்ளரை எடுத்து அடுக்கில் வைக்கத் தெரியவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. எனக்கு அண்ணி வேண்டும். தலை பின்னிவிடவும், கருவாட்டை எண்ணெயில் முறுக விட்டு எடுத்துத் தரவும், என்னோடு சேர்ந்து அப்பாவைக் கேலி பண்ணவும் அந்த வீட்டில் வேறு யார் இருந்தார்கள்?

இந்த நேரம் பார்த்துத்தான் பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சர் எச்சில் பாடம் எடுத்தார். உயிருள்ள எதைப் பிரித்துப் பார்த்தாலும் உள்ளே இருப்பது கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன், நைட்ரஜன் என்று அதே சில சரக்குகள்தான் என்றார். சோற்றில் இருக்கும் மாவுச்சத்து, சர்க்கரைத் துண்டுகளைக் கோத்த நீளமான சங்கிலி. எச்சிலில் இருக்கும் ஒரு நொதி அந்தச் சங்கிலியைத் துண்டு துண்டாக வெட்டும். வெறும் சோற்றை ரொம்ப நேரம் மென்றால் இனிப்பது அதனால்தான். வடிகஞ்சியில் ஐயோடின் விட்டால் மை மாதிரி கருநீலமாகிவிடும். அதே கஞ்சியில் எச்சிலைக் கலந்து கொஞ்ச நேரம் வைத்துவிட்டு ஐயோடின் விட்டால் நீலம் வராது. டீச்சர் செய்து காட்டினார், நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம்.

"யாரு எச்சில் டீச்சர்?" என்று ஒருத்தி மூக்கைச் சுளித்தாள்.

"யாருதா இருந்தா என்ன? எல்லார் வாயிலயும் அதே நொதிதான்" என்றார்.

எனக்குள் மணி அடித்தது. டீச்சர் மேலும் சொன்னவற்றை மனப்பாடமாகப் பிடித்துக்கொண்டேன். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும்தான் மாற்ற வேண்டும். எதுவும் கலக்காத ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கத் தனியாக வைக்க வேண்டும். ஒரு தடவை வந்தது தற்செயலாக இருக்கலாம், அதனால் மூன்று தடவையாவது செய்து பார்க்க வேண்டும். "நாம நினைச்சது தப்பாவும் இருக்கலாம்னு ஒத்துக்கிட்டுத்தான் சோதனைய ஆரம்பிக்கணும். முடிவ முன்னாடியே தீர்மானிச்சுட்டா அது சோதனை இல்ல, வித்தை காட்டறது" என்றும் சொன்னார். இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மீன்குழம்பெல்லாம் முடிந்து எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள். அம்மா வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்த்து, அவரவர் டம்ளரில் கொஞ்சம் ஊற்றினேன். சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் பெயர் எழுதினேன். அப்பா, அம்மா, அண்ணன், அண்ணி, நான். எதுவும் கலக்காத ஆறாவது டம்ளருக்குப் பக்கத்தில் 'யாருமில்லை' என்று எழுதினேன். அண்ணியின் டம்ளரை ஜன்னலிலிருந்து எடுத்து வரிசைக்கு நடுவில் வைத்தபோது அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். பள்ளிக்கூட வேலை என்பதால் வாயைத் திறக்கவில்லை.

"இதுல துப்பு" என்றதும் அண்ணன் சிரித்தபடி துப்பினான். அம்மா, "இன்னாடி கண்றாவி படிப்பு இது" என்று முணுமுணுத்துக்கொண்டே துப்பினாள். அப்பா வெற்றிலையை ஓரங்கட்டிவிட்டு, செய்வன திருந்தச் செய் என்பதுபோலத் துப்பினார். அண்ணி மட்டும், "எனக்கு வேணாம் பாப்பா" என்றாள். நான் விடவில்லை. அண்ணி, அண்ணி என்று கையைப் பிடித்து இழுத்தேன். அவள் அண்ணனைப் பார்த்தாள். அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவள் எல்லாருக்கும் முதுகைக் காட்டித் திரும்பி, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு துப்பிவிட்டு, டம்ளரை என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினாள்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, அப்பாவின் கால் காயத்துக்கு வாங்கிய, ஐயோடின் கலந்த பீட்டாடின் மருந்தை எல்லாவற்றிலும் சொட்டு விட்டேன். 'யாருமில்லை' கருநீலமானது. என்னுடையது வெறும் டீத்தண்ணி நிறம். அம்மாவுடையது டீத்தண்ணி. அண்ணன், டீத்தண்ணி. அண்ணியுடையது எல்லாவற்றையும்விடத் தெளிவான டீத்தண்ணி. கடைசியாக அப்பாவுடையது. கருநீலம். இன்னும் இரண்டு சொட்டு விட்டேன். இன்னும் கருத்தது.

அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். "நைனாவும் யாருமில்லையும் ஒண்ணு! நைனா எச்சில்ல ஒண்ணுமே கெடையாது!"

"இன்னாடா சொன்ன?" என்று அப்பா எழுந்துவிட்டார். "எவடா அவ டீச்சரு? பெத்த அப்பன் வாயி மட்டம்னு சொல்லிக் குடுக்கவா பள்ளிக்கூடம் வெச்சிகினு கீறாளுங்க?"

அம்மா என் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "திமிரு! மொதல்ல அத்த எடுத்துக் கீழ ஊத்து!"

அடி வலித்தாலும் நான் விடவில்லை. வந்த முடிவைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? "அண்ணியோடது நல்லா வேலை செய்யுது பாரும்மா! எல்லாத்தையும் விட அண்ணியோடதுதான் சூப்பர்! பாரு, பாரு!" என்று கத்தினேன்.

அண்ணி சந்தோஷப்படுவாள் என்று திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் சிவந்திருந்தது.

"பாப்பா, ஒண்ணு கேக்கறேன். என்னுது நீலமாவே நின்னிருந்தா இன்னா பண்ணியிருப்ப?"

"நிக்காது அண்ணி. எல்லாருக்கும் ஒரே நொதிதான்."

"நின்னிருந்தா?"

நான் அப்பாவின் டம்ளரைப் பார்த்தேன்.

"தோ, உங்கப்பாது நீலமா நிக்குது. அவரு டம்ளருக்குப் பொட்டு வெப்பாங்களா? ஜன்னல்ல கவுத்து வெப்பாங்களா?" குரல் உயர்ந்துகொண்டே போனது. "என் வாய்ல இன்னா கீதுன்னு தொறந்து பாத்துட்டுத்தான் இந்த வூட்ல எனக்கு ஒரு டம்ளர் குடுக்கணுமா?"

அண்ணி தன் டம்ளரை எடுத்துப் போய் வாசலில் கொட்டிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. யாருக்காக இத்தனை பாடு? அடி வாங்கியது யாருக்காக? அவளுக்காகத்தானே? அவளே என்மேல் பாய்ந்தால் நான் எங்கே போவேன்?

மறுநாள் விடிந்ததும் அப்பாவே என்னைத் தேடி வந்தார். பல் துலக்கி, இன்னும் வெற்றிலை போடாத வாய்.

"நல்லா கொப்பளிச்சுட்டேன். இப்ப டம்ளர எடு பாக்கலாம்!"

வெற்றிலைச் சுண்ணாம்புதான் முதல் நாள் நொதியைக் கெடுத்திருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்றைய கஞ்சியைச் சுடவைத்து ஆறவிட்டு மறுபடி செய்தேன். நீலம் வரவில்லை. அப்பா மீசையைத் தடவிக்கொண்டார், என் முதுகில் தட்டினார், தெரு முனையில் இரண்டு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் வண்டியை எடுத்தார். அவர் வாயின் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. அதற்குமேல் அந்தச் சோதனையில் அவருக்கு என்ன இருக்கிறது?

நான் டம்ளரைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். "பாத்தியாம்மா? இப்ப எல்லாருதும் ஒண்ணு. எல்லா எச்சியும் ஒண்ணுதான்!"

அம்மா தோசையைத் திருப்பிப் போட்டாள். "எனக்குத் தெரியாதாடி? உங்க ரெண்டு பேரு எச்சில் சோத்தத் தின்னே வளந்த ஒடம்பு இது. ஒண்ணுதான்."

"அப்புறம் இன்னாத்துக்கும்மா பொட்டு?"

"அது வேற" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. அண்ணி கழுவி வைத்திருந்த டம்ளர் மற்ற பாத்திரங்களோடு கிடந்தது. அதன் அடியைத் திருப்பிப் பார்த்து, பொட்டு அழியவில்லை என்று தெரிந்துகொண்டு, ஜன்னலில் கவிழ்த்தாள்.

வளைகாப்பு தடபுடலாக நடந்தது. குப்பத்திலிருந்து வேன் வைத்து வந்திருந்த அண்ணியின் ஆட்களுக்கெல்லாம், அம்மா ஞாபகமாக வாங்கிவைத்திருந்த பேப்பர் கப்பில் காபி கொடுத்தார்கள். கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருந்த அண்ணி அந்தக் கப்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் அதே வேனில் ஏறிப் போனவள், போனவள்தான். பெண் குழந்தை பிறந்தது. அண்ணன் கல்பாக்கம் பக்கம் வாடகைக்கு வீடு பிடித்து அவர்களோடு போய்விட்டான். "அனுசரிச்சுப் போகத் தெரியாதவ" என்று அம்மா இன்றைக்கும் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் என் பல் நறநறக்கிறது.

அப்போது எனக்கு அம்மாமேல் கோபம் வரவில்லை. என்மேல்தான் வந்தது. மூன்று தடவையாவது செய்ய வேண்டும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். நான் இரண்டு தடவைதான் செய்திருந்தேன். வேன் போன பிறகு பீட்டாடின் பாட்டிலைத் தேடி எடுத்து ஆட்டிப் பார்த்தேன். காலியாக இருந்தது. அந்த மூன்றாவது தடவையையும் செய்து காட்டியிருந்தால் அம்மா ஒத்துக்கொண்டிருப்பாள், அண்ணி திரும்பி வந்திருப்பாள் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன்.