பத்து மணித் தண்ணீர்

தண்ணீர் சோதிக்கும் லேபில் டெக்னீசியனாக இருந்து ஓய்வுபெற்றவள் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் என்னிடம் கருவிகளைப் பற்றித்தான் கேட்கிறார்கள். நான் பழனியம்மாளைப் பற்றிச் சொல்கிறேன்.

மேட்டூர் அணைத் தண்ணீர் கரைக்குள் வளைந்து புகுந்து நிற்கும் ஒரு குடா. ஒருநாள் விடிந்தபோது அங்கே கெண்டை மீனும் ஜிலேபி மீனும் செத்து மிதந்தன. தகவல் கிடைத்து, லேப் இருக்கும் அஸ்தம்பட்டியிலிருந்து பஸ் பிடித்து, நான் போய்ச் சேர்ந்தபோது மணி பத்து. தண்ணீர் எடுத்தேன், சோதித்தேன், ‘ஆக்சிஜன் போதுமான அளவு உள்ளது’ என்று எழுதிக் கொடுத்தேன்.

தண்ணீர் நன்றாக இருந்தால் மீன் ஏன் சாக வேண்டும்? யாரோ விஷம் கலந்து மீன் பிடித்திருக்கிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்தக் குடாவில் வலை போடுவது பழனியம்மாளும் அவர் கணவர் மாதுவும்தான். இருவரின் மீன்பிடி லைசென்ஸையும் நிறுத்தி வைத்தார்கள். பத்து நாளில் விசாரணை, அதில் குற்றம் உறுதியானால் ரத்து. ஆதாரம் என் ரிப்போர்ட்.

அடுத்த சாம்பிளுக்குப் போனபோது பழனியம்மாள் வழிமறித்தார்.

“ஏனுங்க, தண்ணி நல்லாருக்குன்னு எழுதுனது நீங்கதானுங்களா?”

“சோதிச்சதைத்தாம்மா எழுதினேன்.”

“எத்தன மணிக்கு மொண்டீங்க?”

“பத்து மணிக்கு.”

“பத்து மணிக்கு எந்த மீனுக்கு மூச்சு முட்டுது? தண்ணி பச்சையாத் திரண்டதுலருந்து, வெடியறதுக்கு முன்னால அத்தனையும் மேல வந்து வாயப் பொளக்குதுங்க. வெயில் ஏறுனா தன்னால சரியாப் போயிருது. வெடியக்கால வந்து பாருங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பச்சைப்பாசி பகலில் ஆக்சிஜனை விடும், இருட்டினால் அதுவே ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். நான் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கிய பதில் இது. பஸ் டைமுக்குத் தண்ணீர் மொண்டு மொண்டு அதையே மறந்திருந்தேன். என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது.

அன்று மேட்டூரிலேயே தங்கி, மறுநாள் ஐந்து மணிக்கு அவர்கள் பரிசலில் ஏறினேன். மாது எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து துடுப்புப் போட்டார். பாட்டிலில் தண்ணீர் பிடித்து, ஆக்சிஜனைக் காட்டிக்கொடுக்கும் இரண்டு மருந்துகளை விட்டேன். ஆக்சிஜன் இருந்தால் காப்பி நிறம் வரும். வரவில்லை, வெள்ளையாகவே திரண்டது. அதே இடத்தில் பத்து மணிக்குப் பிடித்த பாட்டில் காப்பி நிறமானது. இரண்டையும் பழனியம்மாள் கையில் கொடுத்து போனில் படம் எடுத்தேன்.

“இதத்தானுங்க நான் வாயால சொன்னேன்” என்றார்.

ஆபீசில் மேலதிகாரி தலையில் கை வைத்தார். “உங்க ரிப்போர்ட்ட நீங்களே தப்புன்னு எழுதுவீங்களா? ரெண்டு வருஷந்தான் சர்வீஸ் இருக்கு. எதுக்கும்மா வம்பு?”

“போறது அவங்க பொழப்பு சார்” என்றேன். எழுதிக் கொடுத்தேன். லைசென்ஸ் திரும்பி வந்தது.

பெருமையோடு அதைச் சொல்லப் போனேன். பழனியம்மாள் வலையிலிருந்து தலை தூக்கவில்லை.

“காயிதத்துல மாத்திப்புட்டீங்க, சந்தோசமுங்க. பள்ளிக்கூடத்துல எம்புள்ளைய வெசக்காரன் மகன்னு கூப்புடறாங்க. அத எந்தக் காயிதத்துல மாத்துவீங்க?”

மறுநாள் காலை, மீன் எடை போடும் இடத்தில் ஊரே கூடியிருந்தபோது நடுவில் போய் நின்றேன். போனிலிருந்த படத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன்.

“அப்ப வெசமில்லீங்களா?” என்றார் தராசுக்காரர்.

“இல்லைங்க. தப்பான நேரத்துல தண்ணி எடுத்தது நான். இவங்க மேல ஒரு தப்பும் இல்லை.”

மாது கூட்டத்தை விலக்கி வந்து, என் கையிலிருந்த சாம்பிள் பெட்டியை வாங்கிக்கொண்டார். “நாளைக்கி அஞ்சு மணிக்குப் பரிசலோட நிக்கறேன். வந்துருங்க சாமி.”

மிச்சமிருந்த சர்வீஸில் எந்த ரிப்போர்ட்டையும் கரையில் நின்று உரக்கப் படித்துக் காட்டாமல் நான் பஸ் ஏறியதில்லை. கேட்டவர்களில் ஒருவர் “அதெப்படிங்க?” என்றால்கூட, அன்றைக்கு அதில் கையெழுத்துப் போடமாட்டேன்.