குதிரை கட்டும் தூண்

சவுரியம்மாள் தேங்காய் நாரால் அந்தக் கருங்கல் தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பங்களாவின் பின்கட்டில் மண்ணைத் தோண்டியபோது கிடைத்தது. நான்கு குடம் தண்ணீர் ஊற்றியதும் சேறு கரைந்து, துருவேறிய இரும்பு வளையம் ஒன்று வெளியே தெரிந்தது.

"யோவ், இத வந்து பாரு," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அந்தோணிசாமி மேஸ்திரி வந்து பார்த்தார். பார்த்தவர் அப்படியே திரும்பிப்போய்ச் சுவரோரமாக வாந்தி எடுத்தார்.

அறுபது தாண்டியவர். திண்டிவனத்தில் மூன்று கல்யாண மண்டபம், கிளியனூர்ப் பக்கம் கணக்கில்லாத வீடுகள், எல்லாம் அவர் கை பட்டு எழுந்தவை. இந்தப் பங்களாவைப் பாண்டிச்சேரிப் பிரெஞ்சு இன்ஜினியர் ஒருவர் தொண்ணூறு வருஷத்துக்கு முன் வரைந்து கட்டினாராம். அப்போது இருந்தபடியே அதைத் திரும்பக் கொண்டுவரும் வேலை. தன் சனம் ஏறக்கூடாத வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம் என்றுதான் ஒப்புக்கொண்டார். தூண் எப்போதோ ஒழிந்தது என்று நினைத்திருந்தார்.

அன்று அவருக்கு ஆறு வயது. மழை விழுந்த காலையில் பங்களாக்காரரின் நிலத்துக்கு முன் தன் குத்தகைக் கொல்லையை உழுதார் என்று அப்பாவை இந்த வளையத்தில்தான் கட்டினார்கள். புளியவிளாரை அப்பாவின் கூடப்பிறந்த தம்பியிடமே கொடுத்து அடிக்கச் சொன்னார் பங்களாக்காரர். மெதுவாக அடித்தால் தம்பிக்கு விழும். தோல் உரிந்து தொங்கியது. அப்பா மயங்கியபோதெல்லாம் தண்ணீர் ஊற்றித் தெளியவைக்கும் வேலை சின்ன அந்தோணிக்கு. அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு சாகும்வரை பேசவில்லை.

ஆர்க்கிடெக்ட் அஸ்வினி வரைபடத்தோடு ஓடிவந்தாள். "மேஸ்திரி, பிளான்ல இருக்கிற அதே தூண்! குதிரை கட்டுறது. இதே இடத்துல நிறுத்திடுங்க."

"அது வேணாம்மா."

அந்தப் பங்களாக்காரரின் பேரன் வேங்கடேசன் சிரித்தான். "இன்னா மேஸ்திரி, தூக்க முடியலியா? முதுகு புடிச்சிக்கிச்சா?"

"இந்த வூட்டு குதிர எப்ப செத்துது சார்?"

"அதுக்கு இன்னா இப்ப?"

"அப்பாலிக்கி இதுல யாரக் கட்டி அடிச்சீங்கன்னு அந்தம்மாகிட்ட சொல்லு சார்."

வேங்கடேசன் அறைந்த அறையில் கடைவாய் கிழிந்தது. அந்தோணிசாமி ரத்தத்தைத் துடைக்கவில்லை, சம்மட்டியை எடுத்தார். முதல் அடியில் வளையம் தெறித்தது. "நிறுத்துடா!" என்று பாய்ந்த வேங்கடேசனின் நெற்றியைக் கல்சில்லு கீறியது. அவன் மேஸ்திரியின் மயிரைப் பிடித்து இழுத்தான், விலாவில் உதைத்தான். சவுரியம்மாள் குடத்தைத் தூக்கி அவன் முதுகில் போட்டாள். மேஸ்திரி மண்டியிட்டபடியே அடித்தார், தூண் மூன்று துண்டாகும்வரை அடித்தார்.

"கல்லுக்கா பஞ்சம்?" நெற்றியைப் பொத்திக்கொண்டு கத்தினான் வேங்கடேசன். "இதே அளவுல புதுசா செதுக்கி நிறுத்துறேன்டா. பிளான்ல இருக்குதில்ல!" கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

அஸ்வினி ஹாலுக்குள் போய் வரைபடத்தை மேசையில் விரித்தாள். அந்தோணிசாமி பின்னாலேயே வந்தார். மூச்சு விட்டால் விலா குத்தியது.

"அதுல கட்டி அடிச்சது எங்கப்பனத்தாம்மா. முழிச்சிக்கினு அடிவாங்கணும்னு தண்ணி ஊத்தினவன் நானு."

அவள் சுருண்ட மூலையை உள்ளங்கையால் அழுத்தினாள்.

"அவரு புதுத் தூணு கொண்டாந்தா, நீங்க நிறுத்துவீங்களாம்மா?"

அவள் வரைபடத்தில் பின்கட்டுப் பக்கம் தூணைக் குறித்திருந்த சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வட்டத்தை அழிக்காமலே வரைபடத்தைச் சுருட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே போனாள்.