பெரியப்பா சிரித்த படம்

என் பெரியப்பா மீது எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு. சிறுவயதில் இருந்த கோபம் வேறு, இப்போது இருப்பது வேறு. ஆனால் கோபம் கோபம்தான். மனிதர் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆன பிறகும் அது தணியவில்லை.

எங்கள் ஊர் பூந்தமல்லிக்கும் ஆவடிக்கும் நடுவில் இருந்தது. ஏரித் தண்ணீரில் நெல்லும் கத்தரியும் விளைந்துகொண்டிருந்த காலம். அந்த ஊரிலிருந்து கல்லூரிக்குப் போன முதல் ஆள் பெரியப்பா. ஏதோ பெரிய பரீட்சை எழுதி டெல்லிக்குப் போனார். அங்கிருந்து நம் தூதரகங்களில் வேலை பார்க்க நாடு நாடாகப் போனார். அங்கே அவர் என்னதான் செய்கிறார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் உருப்படியாகத் தெரியாது. தாத்தாவுக்கு மட்டும் தெரியும், அதாவது தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பூந்தமல்லிச் சந்தையில் கத்தரிக்காய்க் கூடையை இறக்கிய கையோடு, கேட்டவரிடமும் கேட்காதவரிடமும் ஆரம்பித்துவிடுவார்.

“எம் பெரிய புள்ள நம்ம நாட்டுக்கோசரம் வெள்ளக்காரன்கிட்ட பேசிகினு கீறான். அவன் வாயத் தொறக்கலன்னா சண்ட வந்துடும், தெரியுமா?”

கூடவே நிற்கும் நான், நானே சண்டையைத் தடுத்த மாதிரி தலையாட்டுவேன்.

அந்தத் தாத்தா ஒரு தை மாதத்தில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. கஞ்சி வேண்டும் என்று கேட்கவில்லை, தண்ணீர் வேண்டும் என்று கேட்கவில்லை. “பெரியவன் வந்துட்டானா?” என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். தெருவில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் நான் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வருவேன். மாட்டு வண்டியாக இருக்கும். “வந்துகினே கீறாராம் தாத்தா” என்று வாய்க்கு வந்ததைச் சொல்வேன்.

அவர் போனதும் பெரியப்பாவுக்குத் தந்தி கொடுத்தார்கள். தகப்பனுக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் மூத்த மகன். அதனால் ஐஸ் கட்டி வாங்கி வந்து உடலை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மறுநாள் பதில் வந்தது. வர இயலவில்லை, காரியங்களை நடத்தவும். அவ்வளவுதான். ஊர் உலகத்துக்கெல்லாம் பேசுகிறவருக்குப் பெற்ற தகப்பனிடம் பேச வேறு வார்த்தை கிடைக்கவில்லை!

அப்பாதான் கொள்ளிச் சட்டியைத் தூக்கினார். “மூத்தவன் உசுரோட கீறப்போ நான் தூக்கறேனே” என்று அவர் அழுத அழுகையில் பறையடித்தவர்களே ஒரு நிமிடம் நிறுத்திவிட்டார்கள். சுடுகாட்டிலிருந்து திரும்பி வந்த அப்பாவை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை மொட்டை. தினமும் எண்ணெய் தடவி முறுக்கிவிடும் மீசையும் இல்லை. மீசை இல்லாத அப்பா யாரோ மாதிரி இருந்தார், கிட்டே போகவே எனக்குப் பயம். அவருக்கும் கூச்சமாக இருந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு பல நாள் தலையில் துண்டு கட்டாமல் அவர் வெளியே கிளம்பவில்லை.

காரியம் முடிந்த வாரத்தில் என் தாய்மாமன் சைக்கிளில் வந்து இறங்கினார். ஆவடியில் தொழிற்சாலை வேலை அவருக்கு. தினமும் கேன்டீனில் செய்தித்தாள் படிப்பதால் எங்கள் வீட்டின் உலக ஞானம் முழுவதும் அவர் பொறுப்பில் இருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு செய்தித்தாளை உருவி அப்பாவிடம் கொடுத்தார்.

“மாமா, உங்கண்ணன் இன்னா ஜோரா கீறாரு, பாருங்க.”

நம் நாட்டு மந்திரி ஒருவர் பெரியப்பா இருந்த நாட்டுக்குப் போயிருந்தார். அவருக்குக் கொடுத்த விருந்தில் எடுத்த படம். மந்திரிக்குப் பின்னால் பெரியப்பா நின்றுகொண்டிருந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கோட்டு, தலையில் கறுப்புத் தொப்பி, கையில் கண்ணாடித் தம்ளர். முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிப்பு. தாத்தா செத்து அரை மாதம்கூட ஆகாதபோது!

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்தது கோர்ட்டில்கூட நடக்காது. தம்ளரில் இருப்பது பிராந்திதான் என்று கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்தே மாமா தீர்ப்புச் சொன்னார்.

“ஊட்டுக்குள்ள நின்னுகினு இன்னாத்துக்குத் தொப்பி? கூரையப் பிச்சிகினு பனியா கொட்டுது?” என்றாள் அம்மா.

“மீசையப் பாத்தியாக்கா? வழிச்சி எறிஞ்சிட்டாரு. இனிமே அவரு தொர.”

அப்பா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் தாளை மடித்துக் கீழே போட்டார்.

“நைனா செத்ததுக்கு விருந்து வெக்கிறான். இனிமே அவன் இந்த ஊட்டு வாசப்படிய மெறிக்கக் கூடாது.”

கேட்டுக் கேட்டே செத்துப்போனாரே தாத்தா! நான் அவரிடம் எத்தனை தடவை பொய் சொன்னேன்! பென்சிலை எடுத்து அந்தச் சிரிப்பில் ஒரு பல் விடாமல் கறுப்படித்தேன். கை வலித்த பிறகும் நிறுத்தவில்லை.

அடுத்த வருடம் லீவில் பெரியப்பா வந்தார். டாக்ஸியிலிருந்து பெரியம்மாவும் இறங்கினாள். அவருக்குத் தலை நிறைய முடி இருந்தது, மீசையும் முளைத்திருந்தது. “ஊருக்கு ஒரு வேசம்” என்று அம்மா அவர் காதில் விழும்படியே சொன்னாள். அப்பா பின்பக்கமாகக் கழனிக்குப் போய்விட்டார். தண்ணீர் வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. தாத்தா படத்துக்கு முன்னால் வெகுநேரம் நின்றவரிடம் நான்தான் போனேன். பெரியவர்கள் யாரும் கேட்காததை நான் கேட்டேன்.

“தாத்தா செத்தப்போ நீ ஏன் சிரிச்ச?”

அவர் என் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்தார்.

“லீவு கேட்டேம்மா. மந்திரி வராருன்னு குடுக்கல. வர்றவங்களப் பாத்து சிரிக்கத்தான் எனக்குச் சம்பளம்.” பிறகு ஏதோ நினைவு வந்தவராக, “பேப்பர்ல வந்த படம் இங்க வந்துச்சா? தம்பி பாத்தானா?” என்றார். அப்போது அவர் முகத்தில் இருந்த ஆவலை எப்படிச் சொல்ல! பரிசு வாங்கப் போகிற பிள்ளைக்கு இருக்கிற ஆவல்.

“பாத்தாரு.”

“பாத்துட்டு இன்னா சொன்னான்?”

“நீ இந்த ஊட்டு வாசப்படிய மெறிக்கக் கூடாதுன்னாரு.”

பெரியப்பாவின் கை தானாக மீசைக்குப் போயிற்று. எழுந்து, படத்தில் இருந்த அதே சிரிப்பைச் சிரித்து, பெரியம்மாவைக் கூட்டிக்கொண்டு டாக்ஸியில் ஏறிவிட்டார். கொண்டுவந்த மிட்டாய் டப்பா அங்கேயே கிடந்தது. நான் அதைத் தொடவில்லை. கழனிக்கு ஓடி, “சிரிக்கிறதுக்கு அவருக்குச் சம்பளமாம்பா!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். அப்பா மண்வெட்டியை ஓங்கி வரப்பில் போட்டார். அண்ணனும் தம்பியும் அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளவே இல்லை. பெரியப்பா டெல்லியில் செத்தபோது அப்பா போகவில்லை.

எனக்குக் கல்யாணமாகி, அப்பாவும் போன பிறகு ஒருநாள் பெரியம்மா என் வீட்டுக்கு வந்திருந்தாள். பழைய பேச்சு வந்தது. நான் அந்தப் படத்தைப் பற்றி இன்னும் ஆத்திரம் தீராமல்தான் சொன்னேன். அவள் என்னை ஏதோ பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

“அந்த ஊர்ல மொட்ட போட யாரும்மா கீறாங்க? தந்தி வந்த அன்னிக்கி ராவோட ராவா குளிக்கிற ரூம்புல உக்கார வெச்சி, தலையும் மீசையும் நான்தான் வழிச்சி உட்டேன். மொட்டத் தலையோட மந்திரி எதிர்ல நிக்கக் கூடாதுன்னு ஆபீசுல சொன்னதால தொப்பி. மறுவாரம் போட்டோ புடிச்சப்போ, இது நம்ம ஊரு பேப்பருல வந்துட்டா போதும், மீசை இல்லாத மூஞ்சியப் பாத்தா எந்தம்பிக்குப் புரிஞ்சிடும்னு சொன்னாரு.”

நாடுகளுக்குள் சண்டை வராமல் பேசிப் பேசியே வயதான மனிதர், சொந்தத் தம்பியிடம் அதை வாயால் சொல்லியிருக்கலாம். கேட்ட என்னிடமாவது சொல்லியிருக்கலாம். அந்தக் கோபத்தைத்தான் ஆரம்பத்தில் சொன்னேன்.

ஆனால் மாமா அந்தச் செய்தித்தாளைக் கொண்டுவந்த அன்று, அப்பாவின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றது நான். மேலே அப்பாவின் முகம், அவர் கையில் பெரியப்பாவின் முகம். ஒருவர் தலையில் துண்டு, ஒருவர் தலையில் தொப்பி. இரண்டு பேருக்கும் மீசை இல்லை. இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத்தான் நான் பென்சிலை எடுக்கப் போனேன்.